அன்னக்குட்டிக்குத் தாம்பூலம் கொடுத்தனுப்பிய விவரம்

சிங்காநல்லூர்,
ஐப்பசி மாதம், ஞாயிறு, 1994.

பெருமதிப்புக்குரிய சம்பந்தி, பல்லடம் தம்பிதுரை அவர்கள் சமூகத்துக்கு, சிங்காநல்லூர் லட்சுமணசாமி இரண்டு கையும் சேர்த்துக் கும்பிட்டு எழுதிக்கொண்டது.

இங்கே நான் சுகம். என் வீட்டுக்காரி தெய்வாத்தாள் சுகம். அங்கே தாங்களும், சம்பந்தியம்மாவும், மாப்பிள்ளை கிருபாசங்கரும், பண்ணையில் இருக்கிற அத்தனை கோழிகளும் ஒரு சீக்கும் அண்டாமல் இருக்க மாகாளியம்மனை வேண்டிக்கொள்கிறேன். எங்கள் மகள் புவனாவின் சுகத்தை மட்டும் எழுதாமல் விட்டுவிட்டேனே என்று தாங்கள் நினைப்பீர்கள். அதற்காகத்தான் இத்தனை பெரிய கடிதம். தயவுசெய்து நாற்காலி போட்டு உட்கார்ந்துகொண்டு, கடைசிவரை படித்துவிட்டு, அப்புறம் கோபப்பட வேண்டியது.

வெள்ளிக்கிழமை எங்கள் வீட்டுக்கு வளையல் அளவும் ரவிக்கை அளவும் வாங்க வந்த சம்பந்தியம்மா, கொடுத்த காபியை வாயில் வைக்காமல் பஸ் ஏறிப் போய்விட்டார்கள். மறுநாளே தாங்கள் சோமனூர்க்காரர் ஒருவரிடம், "பொண்ணுக்கு மலையாளத்துக்காரன் எவனோடயோ பழக்கம்னு தெரியுது, இல்லீன்னா மண்டையில ஏதோ கோளாறு, ரெண்டுல எதுன்னு கேட்டுட்டு வாங்க" என்று சொல்லியனுப்பினீர்கள். தங்கள் இடத்தில் நான் இருந்தாலும் அதைத்தான் கேட்டிருப்பேன். இரண்டும் இல்லை, சம்பந்தி. சத்தியமாக இல்லை. எல்லாம் ஒரு படகுக்குப் பெயர் மாற்றியதால் வந்த வினை. உப்புச்சர்க்கரை மாற்றி நிச்சயம் செய்துகொண்ட உறவு இது. ஒரு படகால் அறுந்து போய்விடக் கூடாது என்றுதான் நடந்ததை நடந்தபடி எழுதுகிறேன்.

மில்லை மூடிய பிறகு நான் சும்மா உட்கார்ந்திருந்தது தங்களுக்குத் தெரியும். சும்மா இருக்கிறவன் மூளை பிசாசின் பட்டறை என்பார்கள். என் மூளையில் அந்தப் பட்டறையிலிருந்து ஒரு படகு வந்தது. ஞாயிற்றுக்கிழமையானால் சிங்காநல்லூர்க் குளத்துக்கரையில் குடும்பம் குடும்பமாக வந்து கடலை கொறித்துக்கொண்டு தண்ணீரைப் பார்த்தபடி நிற்கிறார்கள். அவர்களை ஒரு படகில் ஏற்றி ஒரு சுற்றுச் சுற்றி வந்தால் என்ன என்று தோன்றியது. குளத்தில் படகு விடக் குத்தகை எடுத்தேன். படகுக்கு ஆலப்புழை போனேன். அங்கே குரியாக்கோஸ் என்பவர், வாய்க்காலில் நெல்லும் தேங்காயும் ஏற்றப் பயன்பட்ட ஒரு பழைய வள்ளத்தை வைத்திருந்தார். நல்ல கறுத்த மரம். முந்திரி எண்ணெய் குடித்துக் குடித்துப் பளபளவென்று இருந்தது. மூக்கில் மலையாள எழுத்தில் ஒரு பெயர். அன்னக்குட்டி என்று வாசித்துக் காட்டினார்.

அன்னக்குட்டி யாருங்க என்று கேட்டேன். வள்ளத்தின் பெயர் என்றார். அதற்கு முன்னால்? அதற்கு முன்னால் ஒரு பெண்ணின் பெயர் என்றார். அந்தப் பெண் இப்போது எங்கே இருக்கிறது என்று கேட்டேன். "அதுதான் வள்ளத்துக்கு இட்டுவிட்டோமே" என்றார். அது எனக்கு அப்போது நல்ல பதிலாகத்தான் பட்டது. விலையில் மனுஷர் இவ்வளவு இறங்கி வருகிறாரே என்கிற சந்தோஷத்தில் வேறெதுவும் காதில் ஏறவில்லை.

ஆனால் பெயர் விஷயத்தை மட்டும் அவர் கையைப் பிடித்து நிறுத்திச் சொன்னார். மாற்றாமல் இருப்பது உத்தமம். மாற்றியே ஆகவேண்டும் என்றால், பழைய பெயரை ஒரு எழுத்து மிச்சமில்லாமல் சுரண்டி, அந்தச் சுரண்டலை ஒரு தென்னம்பாளையில் வைத்து, ஓடுகிற தண்ணீரில் விட்டுவிட வேண்டும். அன்னம் தண்ணீர் காட்டக் கூடாது. பேச்சுக் கொடுக்கக் கூடாது. 'போ' என்று ஒரே ஒரு சொல். அப்புறம் முதுகைக் காட்டி நடக்க வேண்டியதுதான், திரும்பிப் பார்க்கக் கூடாது. ஆகட்டுமுங்க என்று தலையாட்டிவிட்டு லாரியில் ஏற்றிக்கொண்டு வந்தேன். வாளையாறு செக்போஸ்ட்டில் ஒருத்தர் லாரிமேல் படகைப் பார்த்துவிட்டு, "கோயமுத்தூர்ல குடிக்கவே தண்ணி இல்லீன்னாங்க, உங்களுக்கு எதுக்குங்க இது?" என்றார். சிரித்துக்கொண்டே வந்தேன். வழியெல்லாம் மழை இல்லை. வீட்டுக்கு வந்து இறக்கும்போது பார்த்தால் படகுக்குள் கணுக்கால் அளவு தண்ணீர் நின்றது. லாரி டிரைவர் அதைத் தொட்டு மோந்து பார்த்துவிட்டு, கூலியைக்கூட எண்ணாமல் கிளம்பிப் போய்விட்டார்.

பெயரை எதற்காக மாற்றினாய், அப்படியே விட்டிருக்கலாமே என்று தாங்கள் கேட்கலாம். நம் பக்கத்தில் லாரி வாங்கினாலும், போர்வெல் வண்டி வாங்கினாலும், நாலு தறி போட்டாலும் பெற்ற பிள்ளையின் பெயரைத்தானே வைக்கிறோம்? தங்கள் கோழி வேனில் 'கிருபா' என்று எழுதியிருக்கிறது. எனக்கு ஒரே மகள். கல்யாணம் ஆகிப் பல்லடம் போய்விடும். பெயராவது கண்ணெதிரே மிதந்துகொண்டு இருக்கட்டும் என்று ஆசைப்பட்டேன். வேறொன்றுமில்லை.

வீட்டுக்குப் பின்னால் எங்கள் பொடக்காளியை ஒட்டித்தான் குளத்துக்குத் தண்ணீர் வரும் வாய்க்கால் போகிறது. ஒரு நல்ல நாள் பார்த்துக் காலையில் பெயரைச் சுரண்டினேன். பாளையில் வைத்தேன். 'போ' என்று சொல்ல வாயைத் திறக்கிறேன், பின்னாலிருந்து தெய்வாத்தாள் பிடித்துக்கொண்டாள். "ஏனுங்க, என்ன பண்றீங்க?" குரியாக்கோஸ் சொன்னதைச் சொன்னேன். அவளுக்கு முகமெல்லாம் சிவந்துபோயிற்று.

"ஒரு பொம்பளைய வெறும் வயித்தோட, வெறுங்கையோட, போன்னு சொல்லித் தாட்டி உடறதுங்களா? நம்ம ஊட்டுலீங்களா? அவிய ஊருல வேணா அப்படி இருக்கும். நாளைக்கு நாலு பேருக்குத் தெரிஞ்சா என்னைத்தானுங்க சொல்லுவாங்க."

"இது பேருதான், தெய்வா. ஆளு இல்லை."

"பேரு பொம்பளப் பேருதானுங்களே?"

இதற்குப் பதில், சம்பந்தி, தங்களிடம் இருந்தால் எழுதவும். அவள் உள்ளே போய் இலை கொண்டுவந்து வாய்க்கால் மேட்டில் விரித்தாள். சந்தகை பிழிந்து தேங்காய்ப்பால் ஊற்றினாள். பக்கத்தில் ஒப்புட்டு வைத்தாள், நெய்யும் விட்டாள். ஒரு தட்டில் வெற்றிலை பாக்கு, மஞ்சள், குங்குமம், ரவிக்கைத் துணி எல்லாம் எடுத்துவைத்துத் எல்லாவற்றிலும் ஒரு கிள்ளு எடுத்து, துணியில் ஓரத்தை மட்டும் கிழித்துப் பாளையில் வைத்தாள். அப்புறம் அந்தப் பாளையைப் பார்த்து, விருந்துக்கு வந்த என் அக்காளிடம் பேசுகிற மாதிரியே பேசினாள். "சாப்பிட்டுப் போட்டு மெதுவா கெளம்புங்க அம்மணி. இதை உங்க ஊடுன்னு நெனச்சுக்குங்க. எப்ப வேணாலும் வரலாமுங்க. போயிட்டு வாங்க." இத்தனையும் சொல்லி, குனிந்து, தானே பாளையைத் தண்ணீரில் விட்டாள்.

பாளை வாய்க்காலோடு போயிற்று. வளைவு வரைக்கும் போயிற்று. அங்கே நின்றது. தட்டுவதற்கு அங்கே கல்லும் இல்லை, செடியும் இல்லை. மெதுவாக முகத்தைத் திருப்பியது. மழைத்தண்ணீர் வேகமாக ஓடிக்கொண்டிருந்த வாய்க்காலில் அது தண்ணீருக்கு எதிராக, அவசரமில்லாமல் வந்து தெய்வாத்தாளின் காலடியில் நின்றது. நான் வேலிப் பக்கம் நகர்ந்து நின்றுகொண்டேன். இவள் என்னவென்றால், "அட, பூ வெக்க மறந்துபோட்டேனுங்க" என்று தலையில் இருந்த மல்லிகையைக் கிள்ளி அதில் வைத்தாள். பாளை அந்த இடத்திலேயே அமுங்கிப் போயிற்று. இலையைப் பார்த்தோம். சந்தகையும் ஒப்புட்டும் இல்லை. காக்காய் என்று சொல்லப் பார்த்தேன். காக்காய் இலையை உள்பக்கமாக மடித்துவிட்டு எழுந்து போகுமா? மறுபடியும் இந்த வீட்டில் சாப்பிட வருவேன் என்கிறவர்கள்தானே அப்படி மடிப்பார்கள்? "மருவாதி தெரிஞ்ச பொண்ணுங்க" என்றாள் தெய்வாத்தாள். அவளுக்குத் திருப்தி.

அப்புறம் லாரிகளுக்குப் பெயர் எழுதும் இஸ்மத் பாயைக் கூட்டிவந்தேன். நம் வழக்கப்படி எலுமிச்சம்பழம் நசுக்கலாம் என்றால் படகுக்குச் சக்கரம் இல்லை. பூசணிக்காய் மட்டும் உடைத்தோம். பாய் சிவப்பில் 'புவனா' என்று எழுதி, இரண்டு பக்கமும் தாமரை போட்டு, அழகாக நிழல் கொடுத்தார். மறுநாள் காலையில் பெயிண்ட் காயவில்லை. அதற்கு மறுநாளும் காயவில்லை. தொட்டால் விரலில் சிவப்பு ஒட்டுகிறது, எழுத்து மட்டும் அழியவில்லை. பாய் ஒரு விரலால் தொட்டுப் பார்த்தார், அப்புறம் ஐந்து விரலையும் வைத்துப் பார்த்தார். "லட்சுமணசாமி அண்ணா, பெயிண்ட் சூடா இருக்குதுங்க. ஒடம்பு மாதிரி" என்று சொல்லி, தூரிகையைக்கூட கழுவாமல் சைக்கிள் ஏறிவிட்டார். வெயில் பட்டிருக்கும் என்று நான் சமாதானம் செய்துகொண்டேன். வெயில் பட்டது மூன்று நாளுக்கு முன்னால். அடைமழைக் காலம் சம்பந்தி இது.

படகு என்னமோ நன்றாகத்தான் மிதந்தது. ஆனால் சொன்ன இடத்துக்குப் போகாது. சவாரி ஏறியவர்கள் துடுப்பை எந்தப் பக்கம் தள்ளினாலும் அது எங்கள் வீடு இருக்கிற கரைக்கே வந்து மூக்கை முட்டிக்கொண்டு நிற்கும். சாயங்காலம் காபி நேரமானால் கட்டிவைத்த கல்லில் டொக், டொக், டொக் என்று இடிக்கும். அந்தச் சத்தத்தை எங்கேயோ கேட்டிருக்கிறோமே என்று யோசித்து யோசித்துப் பார்த்தேன். காபி தாமதமானால் எங்கள் புவனா சின்ன வயதிலிருந்தே டம்ளரை நகத்தால் இப்படித்தான் தட்டும். அது தெரிந்த அன்று வீட்டுக்கு வந்து பார்க்கிறேன், புவனா ஆறிப்போன காபியை முன்னால் வைத்துக்கொண்டு, தட்டாமல், குடிக்காமல், அப்படியே உட்கார்ந்திருக்கிறது.

அப்போதிருந்துதான் ஆரம்பம். கூப்பிட்டால் திரும்பாது. பக்கத்தில் போய்த் தோளைத் தொட்டால், யாரோ ஊர்க்காரரைப் பார்க்கிற மாதிரி மரியாதையாகச் சிரிக்கும். கட்டிலில் நீட்டி நிமிர்ந்து உருண்டு படுக்கிற பிள்ளை, ஒரு பலகை அகலத்துக்குள் ஒடுங்கிப் படுக்கிறது. கூந்தலின் நுனி எப்போதும் ஈரம். வேலியில் அது போட்ட முடிச்சு, பிடித்து இழுக்க இழுக்க இறுகுகிறது; இது எந்த ஊர் முடிச்சு அம்மணி என்று பக்கத்து வீட்டு மலையாளத்தம்மா கேட்டதற்கு, வாய்க்கால்காரர்கள் போடுவது என்று மலையாளத்திலேயே பதில் சொல்லியிருக்கிறது. எங்கள் பிள்ளைக்குப் பாலக்காடு தாண்டி எதுவும் தெரியாது. பாலக்காடே தெரியாது. கோழி என்றால் உயிரை விடுகிற பிள்ளை, "கோழி வேண்டா, மீன் மதி" என்கிறது. மீனே போதுமாம். இதைத் தங்கள் தொழிலுக்குச் செய்த அவமரியாதையாக எடுத்துக்கொள்ளக் கூடாது. கல்யாணப் பத்திரிகை அச்சுக்குக் கொடுத்திருந்தேன். பிரஸ்ஸிலிருந்து வந்த மாதிரித் தாளில் கிருபாசங்கருக்குப் பக்கத்தில் அன்னக்குட்டி என்று இருக்கிறது. போய்ச் சத்தம் போட்டேன். "உங்க மக தானுங்களே நேத்து வந்து மாத்தச் சொல்லுச்சு, ரொம்பத் தன்மையா பேசுச்சுங்க" என்கிறார்கள். அவர்கள் சொன்ன நாள் பூராவும் புவனா எங்கள் கண்ணெதிரே வாய்க்கால் படியில் தண்ணீரில் காலை விட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தது.

நான் பயந்தவன் இல்லை, சம்பந்தி. மில்லில் ராத்திரி ஷிப்ட் பார்த்தவன். ஆனால் பெற்ற மகளைப் பெயர் சொல்லிக் கூப்பிட வாய் வராமல் கதவுக்குப் பின்னால் நின்றிருக்கிறேன். கூப்பிட்டால் வீட்டுக்குள்ளிருந்து பதில் வராது, குளத்திலிருந்து வந்துவிடும் என்று பயம். நாங்கள் தவமிருந்து பெற்ற பிள்ளை. அந்தப் பெயரை வைக்க எங்கள் குலத்தில் எத்தனை பேர் சண்டை போட்டார்கள் தெரியுமா? அதை நானே தூக்கி ஒரு மரத்துக்குக் கொடுத்துவிட்டேன்.

வெள்ளிக்கிழமை நடந்ததைச் சம்பந்தியம்மா ஒரு மாதிரி சொல்லியிருப்பார்கள். அவர்கள் சொன்னது அத்தனையும் நிசம். முன்கூடத்தில் உட்கார்ந்து பிள்ளையைப் பார்த்து, வாய் நிறைய, "புவனா கண்ணு, இங்க வா சாமி, கையைக் காட்டு" என்றார்கள். பிள்ளை நிமிரவில்லை. காது கேட்கவில்லையோ என்று சம்பந்தியம்மா மறுபடியும் சத்தமாகக் கூப்பிட்டார்கள். பொடக்காளிப் பக்கம் சங்கிலி இழுபடுகிற சத்தம் கேட்டது. எல்லோரும் எழுந்து போய்ப் பார்த்தோம். குளத்தில் கட்டிவைத்த படகு, சங்கிலியைப் பிடுங்கிக்கொண்டு, வாய்க்காலில் தண்ணீருக்கு எதிராக ஏறி வந்துகொண்டிருந்தது. உள்ளே ஆள் இல்லை. துணி துவைக்கிற கல்லில் வந்து மூக்கை வைத்து, டொக், டொக், டொக். சம்பந்தியம்மா கையில் இருந்த வளையல் அளவுக் கம்பி கீழே விழுந்தது. அப்போது புவனா மெதுவாக எழுந்து வந்து, படகின் மூக்கைத் தடவிக்கொடுத்து, "பேடிக்கேண்டா மோளே" என்றது. பயப்படாதே மகளே என்று அர்த்தம். எங்கள் பிள்ளை, தன் பெயரை எழுதிய படகைப் பார்த்துச் சொன்னது. இதற்கப்புறம் யாருக்குத்தான் காபி இறங்கும்? சம்பந்தியம்மா மேல் ஒரு குற்றமும் இல்லை. குங்குமம்கூட வாங்காமல் போனார்களே என்றுதான் தெய்வாத்தாளுக்கு வருத்தம்.

நேற்று எஸ்.டி.டி. பூத்துக்குப் போய்க் குரியாக்கோஸைப் பிடித்தேன். அழுதுகொண்டே சொன்னேன். அவர் கேட்டது ஒன்றே ஒன்று.

"சாரே, அவள்க்குச் சோறு கொடுத்தோ?"

"சோறு இல்லீங்க. சந்தகைங்க. ஒப்புட்டு கொஞ்சம்."

"புதிய பேர் யாருடேது?" என்றார். மகளுடையது என்றேன். மகள் உயிரோடு இருக்கிறதா என்று கேட்டார். இருக்குதுங்க, தையில் கல்யாணம் வைத்திருக்கிறோம் என்றேன். அப்புறம்தான் அவர் விளக்கமாகச் சொன்னார். அவர்கள் பக்கத்தில் வள்ளத்துக்குப் போய்ச் சேர்ந்தவர்களின் பெயரைத்தான் வைப்பார்களாம். பெயர் தண்ணீரில் இருக்கும், அவ்வளவுதான். உயிரோடு இருக்கிற பெண்ணின் பெயரைக் கொண்டுபோய் மரத்தில் எழுதினால் பெண்ணிடத்தில் அந்த இடம் காலியாகிவிடுமாம். காலி இடத்தில் யார் வந்து உட்காருவார்கள்? சோறு தின்று, தாம்பூலம் வாங்கி, எப்போது வேண்டுமானாலும் வரலாம் என்று வாயால் சொல்லக் கேட்டவள்தான் உட்காருவாள். விரட்டவும் முடியாது, விருந்தாளி.

வழி என்னங்க என்று கேட்டேன். படகில் இருக்கிற 'புவனா'வைச் சுரண்டி எடுத்து, பாளையில் வைத்து, முதலில் சொன்னபடியே அனுப்பிவிட வேண்டும் என்றார். இந்தத் தடவையாவது பருக்கை காட்டாமல். பசியோடு போகிற மகள் பெற்றவள் இலை போட்டு வைத்திருக்கிற வீட்டுக்குத்தான் வருவாள். அவள் வந்து உட்கார்ந்தால் விருந்தாளிக்கு இடம் இருக்காது, தானாக எழுந்துவிடுவாள் என்றார்.

இன்று காலை தெய்வாத்தாளை வீட்டிலேயே நிறுத்தினேன். புவனாவுக்குப் பிடித்த கோழிக் குழம்பு வைத்து, இலை போட்டுக் காத்திரு என்றேன். படகைக் குளத்துக்கு இழுத்துப் போய், உப்புத்தாள் போட்டு நானே தேய்த்தேன். அதுவரை காயாத பெயிண்ட் அப்போது பொருக்குப் பொருக்காக உதிர்ந்தது. பாளையில் வைத்து, மதகில் தண்ணீர் வெளியே விழுகிற இடத்துக்குக் கொண்டுபோனேன். 'போ' என்று சொல்ல வேண்டும். நம் வாய்க்கு அது வருகிறதா, சம்பந்தி? தெருவில் போகிற நாயைக்கூட போங்க என்று சொல்லிப் பழகின வாய். முதலில் போங்க என்று வந்தது. அப்புறம் போயிட்டு என்று ஆரம்பித்து நாக்கைக் கடித்துக்கொண்டேன். பாளை என் காலில் ஒட்டிக்கொண்டு டொக், டொக் என்று தட்டுகிறது. காலையில் இருந்து எதுவும் சாப்பிடாத பிள்ளை. அதைப் பார்த்து நான் சொன்னேன். போ. ஒரே தடவைதான் சொன்னேன். சொல்லிவிட்டுத் திரும்பி நடந்தேன். மதகைத் தாண்டவில்லை, பின்னாலிருந்து "அப்பா" என்று கேட்டது. எங்கள் புவனாவின் குரல். "அப்பா, எங்கீங்கப்பா போறீங்க?" கரை முழுக்க அழுதுகொண்டே வந்தேன். திரும்பிப் பார்க்கவில்லை. பெற்றவன் செய்யக்கூடிய காரியமா அது என்று தாங்களே சொல்லுங்கள்.

வீட்டுக்கு வந்தால் கூடத்தில் புவனா சம்மணம் போட்டு உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறது. கோழிக் குழம்பில் சோற்றைப் பிசைந்து, எலும்பைக் கடித்து, கை நிறைய. "புவனா" என்றேன். "என்னுங்கப்பா? வேட்டியெல்லாம் சேறு, எங்கீங்க போயி விழுந்தீங்க?" என்றது. குளத்துப் பக்கம் காதைத் தீட்டிக்கொண்டு நின்றேன். ஒரு சத்தமும் இல்லை. அப்படியே தரையில் உட்கார்ந்து அதன் தலையைத் தடவினேன். முடி காய்ந்து இருந்தது. தெய்வாத்தாள் இன்னும் ஒரு கரண்டி ஊற்றினாள், பிள்ளை வேண்டாம் என்று சொல்லவில்லை.

ஆகவே சம்பந்தி அவர்களே, பெண்ணுக்கு எந்தப் பையனோடும் பழக்கம் கிடையாது, மண்டையில் ஒரு கோளாறும் கிடையாது. கோழி சாப்பிடுகிறது. கூப்பிட்டால் திரும்புகிறது. படகை யார் கேட்டாலும் கொடுத்துவிடப் போகிறேன். மூக்கில் ஒரு பெயரும் இல்லாமல்தான் கொடுப்பேன். பத்திரிகையைத் திருத்தச் சொல்லி ஆள் அனுப்பியாயிற்று. தாங்கள் மனதில் ஒன்றும் வைத்துக்கொள்ளாமல், தையில் குறித்த முகூர்த்தத்தில், உற்றார் உறவினரோடு முன்கூட்டியே வந்திருந்து எங்கள் ஒரே மகளைத் தங்கள் மகளாக ஏற்று நடத்திக்கொள்ள வேண்டுமாகக் கேட்டுக்கொள்கிறேன். சம்பந்தியம்மாவுக்கு எங்கள் இருவரின் கும்பிடு. அடுத்த முறை கட்டாயம் காபி குடித்துத்தான் போக வேண்டும். மாப்பிள்ளைக்கு ஆசிகள். தங்கள் குடும்பமும் கோழிகளும் ஆலாகப் பெருகி அறுகாய் வேரோட வேண்டும் என்று வாழ்த்தி முடிக்கிறேன்.

இப்படிக்கு,
தங்கள் சம்பந்தி என்ற உரிமையை விட்டுக்கொடுக்காத
லட்சுமணசாமி

பின்குறிப்பு: கடிதத்தை மடித்துவிட்டுச் சாயங்காலச் சாப்பாட்டுக்குப் போனேன். போன இடத்திலிருந்து திரும்பி வந்து கவரைப் பிரித்து இதை எழுதுகிறேன். கூடத்தில் எனக்கு ஒரு இலை, பக்கத்தில் இரண்டு இலை. இரண்டிலும் புவனா உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டு இருக்கிறது. அதே தாவணி, அதே மூக்குத்தி. "புவனா" என்றேன். "என்னுங்கப்பா" என்று ஒரே வாயாகச் சொல்லி இரண்டும் திரும்பின. சமையல்கட்டில் போய்த் தெய்வாத்தாளின் கையைப் பிடித்துக்கொண்டு, நம்முது எதுன்னு கேளு என்றேன். "இலையில உக்காந்து சாப்பிடறவிய கிட்டப் போயி நீங்க யாருன்னு கேக்கறதுங்களா? மனசு நோகாதுங்களா? அதுல ஒண்ணு நம்ம புள்ளைங்க" என்று அவள் அழுதாள். அழுதுகொண்டே இன்னும் கொஞ்சம் சாதம் எடுத்துக்கொண்டு போய் இரண்டு இலையிலும் ஒரே அளவாக வைத்தாள். நானும் கேட்கவில்லை. காலையில் ஒருத்தியைப் பார்த்துப் போ என்று சொன்ன வாய், இனி அது யாரையும் சொல்லாது. ஆகையால், மாப்பிள்ளை கிருபாசங்கருக்குக் கல்யாண வயதில் தம்பி யாராவது உண்டா என்பதைத் தயவுசெய்து மறுதபாலில் தெரியப்படுத்தவும்.